வாட்டைப் பார்க்காதீர்கள், பொருத்தம் பாருங்கள்!

கல்யாணம் என்று வந்தால் நம் வீடுகளில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனால், இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். இவ்வளவு ஏன்? பிரஷர் குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கப் போகிறபோதுகூட, மூடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிற சாமர்த்தியசாலிகள் அல்லவா நாம்?

அப்படிப்பட்ட நம் வீடுகளில், பாட்டுக் கேட்பதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிற அன்றைக்கு மட்டும் எல்லாப் பொருத்தமும் மறந்து போய்விடுகிறது. வீட்டுக்காரர் கடைக்குப் போகிறார். "எத்தனை வாட்?" என்று கேட்கிறார். கடைக்காரர் ஒரு பெரிய எண்ணைச் சொல்கிறார். பக்கத்திலேயே அதைவிடப் பெரிய எண் போட்ட பெட்டி ஒன்று பளபளவென்று விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறது. பெரிய எண் வீட்டுக்கு வந்து சேருகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கருக்கு அது ஒத்துவருமா என்று கேட்பார் இல்லை!

"அதெல்லாம் அவர் சமாசாரம், எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். போகிற பணம் உங்கள் வீட்டுப் பணம். வருகிற சத்தம் உங்கள் காதில் விழப்போகிற சத்தம். அன்றியும், இது ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. குக்கர் மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

என் தம்பி வீட்டில் நடந்ததைச் சொன்னால் எல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

தம்பி, அவன் மனைவி, பத்தாம் வகுப்பு முடித்த பெண், எங்கள் அம்மா ஆகிய நால்வரும் திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் அந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் பழக்கமாயிற்று. மிஷெலின் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் டயர் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கமும் அங்கே உண்டு. சென்னைக்குக் குடிநீர் கொடுப்பதற்கென்று 2020-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தார்கள். 50 கோடி கன அடி தண்ணீர் கொள்ளும். இந்த ஏரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

தம்பிக்கு அந்தப் பேட்டையில் வேறொரு தொழிற்சாலையில் மெஷின் வேலை. சங்கீதப் பித்து அவனுக்குச் சிறு வயது முதலே உண்டு. ஊர் மாற்றிக்கொண்டு போன நண்பர் ஒருவரிடமிருந்து மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடியை வாங்கி வைத்திருந்தான். சின்னப் பெட்டிகள்தாம், ஆனால் நல்ல உழைப்பு, நல்ல குரல். அவற்றுக்கென்று தீபாவளி போனஸில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தான். அட்டைப் பெட்டியின் மேல் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முதல் நாள் தெருவே கூடி வேடிக்கை பார்த்ததாம். அரை மணி நேரம் பாடிற்று. பிறகு பெட்டியின் தலை தோசைக்கல் மாதிரி கொதித்தது. 'க்ளிக்' என்று ஒரு சப்தம். அதோடு மௌனம்! பத்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி பாடும். சிறிது நேரத்தில் மறுபடி 'க்ளிக்'. இப்படியே மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. பாடுகிற நேரத்திலாவது சுகமுண்டா என்றால், அதுவும் இல்லை. "சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லையே அப்பா!" என்று அம்மா முறையிட, தம்பி சத்தத்தைக் கூட்ட, அவன் மனைவி ஓடிவந்து குறைக்க, சாயங்கால வேளைகளில் வீட்டில் பாட்டை விடச் சண்டைதான் அதிகம் ஒலித்தது.

கடையில் போய்க் கேட்டதற்கு, "இது உங்களுக்குப் பற்றாது சார். இதைவிடப் பெரிசு இருக்கிறது. இன்னும் நாற்பதாயிரம் போட்டால் முடிந்துவிடும்" என்று யோசனை சொன்னார்களாம். வீட்டில் நாற்பதாயிரம் இருந்தது. ஆனால் அது ஜூன் மாதத்தில் பெண்ணைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக எடுத்து வைத்திருந்த பணம். "ஆறு மாதத்தில் மறுபடி சேர்த்துவிடலாம்" என்று தம்பி. "ஜூன் மாதம் ஆறு மாதம் காத்திருக்குமா?" என்று அவன் மனைவி. இந்த வாதம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"பௌதிகம் படித்துவிட்டுப் பத்திரிகையில் எழுதப் போனாயே, அந்தப் படிப்பு எதற்காவது உதவிற்றா?" என்று அம்மா என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்கு உதவிற்று.

"தம்பி, ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பு" என்றேன்.

திருப்பினான். பின்பக்கத்துத் தகட்டில் '4 ஓம்' என்று போட்டிருந்தது.

"இப்போது ஆம்ப்ளிஃபயரைத் திருப்பு."

கம்பி மாட்டும் இடத்துக்கு மேலே பொடி எழுத்தில், '8 முதல் 16 ஓம் வரை' என்று அச்சடித்திருந்தது.

"ஏன் அக்கா, இதுவா காரணம்? இதை யாருமே சொல்லவில்லையே!" என்றான்.

இதுதான் நேயர்களே, முதற் பொருத்தம். ஓம் என்பது பிரணவம் அல்ல. ஜெர்மனியில் இருந்த கியோர்க் ஓம் என்ற விஞ்ஞானியின் பெயர். மின்சார ஓட்டத்துக்கு ஒரு பொருள் கொடுக்கும் தடையை அவர் பெயரால் அளக்கிறார்கள். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் ஏரியை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயர் ஏரி, ஸ்பீக்கர் அதன் மதகு. எட்டு ஓம் ஸ்பீக்கர் பாதி திறந்த மதகு என்றால், நாலு ஓம் ஸ்பீக்கர் முழுக்கத் திறந்த மதகு. அதே அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும். பெரிய ஏரி கொடுத்துச் சமாளிக்கும். சின்னக் குட்டை என்ன செய்யும்? தம்பி வீட்டு ஆம்ப்ளிஃபயர் சூடேறி மயக்கம் போட்டது அதனால்தான். உள்ளே இருக்கும் காப்பு, உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓம் பெயரளவுக் கணக்கு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் அந்தத் தடை ஏறும், இறங்கும். எட்டு என்று எழுதியது சில இடங்களில் ஐந்து, ஆறு என்று இறங்குவது உண்டு. ஆகையால், ஸ்பீக்கர் எட்டானாலும் 'நாலு ஓம் வரை தாங்கும்' என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரை வாங்குவது விவேகம். ஸ்பீக்கர் நாலு என்றால் அது கட்டாயம். பழைய மோஸ்தர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் எண்ணைப் பார்த்து அந்த முனையில் மாட்டினால் போதும்.

அடுக்களையில் வேலை செய்துகொண்டே கேட்கலாம் என்று இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை அதே முனைகளில் சேர்த்து மாட்டுகிறவர்கள் உண்டு. ஜாக்கிரதை! எட்டும் எட்டும் இப்படிச் சேர்ந்தால் பதினாறு ஆவதில்லை, நாலாகிவிடும். நாலும் நாலும் சேர்ந்தால் இரண்டு. ஒரே ஏரிக்கு இரண்டு மதகு திறந்தாற்போல!

சரி, முதற் பொருத்தம் ஆயிற்று. இரண்டாவது பொருத்தத்துக்குக் கொஞ்சம் கோவில் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும்.

நம் ஊரில் ஒலிபெருக்கி முதன்முதலில் தெருவுக்குத்தான் வந்தது. வீட்டுக்குள் பிறகுதான் நுழைந்தது. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் சென்னையில் தோன்றியது. பண முடையால் 1927-ல் அது நின்றுபோக, 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கூடி நின்று கேட்டார்கள். 1938-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. அதன் பிறகு கல்யாணமோ, காதுகுத்தோ, ஆடி மாதத்துக் கூழோ, எதுவானாலும் பந்தலுக்கு முன்னால் ஒரு மைக் செட் வந்து இறங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆகவே நம்மவர்களுக்கு நல்ல ஒலி என்றால் ஊர் முழுக்கக் கேட்கும் ஒலி. 'இத்தனை தெருவுக்குக் கேட்கிறதே, எத்தனை வாட்டோ!' என்று அந்த நாளிலிருந்து ஒரு பிரமிப்பு.

உண்மை என்ன தெரியுமா? மரத்தில் கட்டியிருக்கும் அந்தக் கூம்பு ஒலிபெருக்கி மிகச் சிக்கனக்காரி. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெலுக்கு மேல் சத்தம் போடும். தம்பி வீட்டு மரப்பெட்டியின் கணக்கை, அதன் மாடல் எண்ணைப் போனில் தட்டித் தேடிப் பார்த்தோம். அதே ஒரு வாட்டுக்கு, அதே ஒரு மீட்டரில் 84 டெசிபெல். வித்தியாசம் 21 தானே என்று நினைக்காதீர்கள். டெசிபெல் கணக்கில் 3 கூடினால் வேண்டிய வாட் இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு! மரத்துக் கூம்புக்கு ஒரு வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தத்தை இந்த மரப்பெட்டியில் வரவழைக்க நூறு வாட்டுக்கு மேல் வேண்டும்.

இந்த எண்ணுக்கு உணர்திறன் என்று பெயர். ஸ்பீக்கரின் பசி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். எண் பெரிதானால் பசி குறைவு. அதிகப் பசி உள்ளது மட்டம் என்று அர்த்தமல்ல. 1946-ல் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்க எஞ்சினீயர், வீட்டு மூலையில் வைக்கிற ஒரு பெரிய கூம்புப் பெட்டியை விற்க ஆரம்பித்தார். அதன் உணர்திறன் நூறு டெசிபெலுக்கும் மேல். நாலைந்து வாட்டிலேயே வீடு அதிரும். லண்டன் பி.பி.சி. ஒலிபரப்பு நிலையத்தார் 1970-களில், வெளியூர் ஒலிபரப்பு வேன்களில் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னஞ்சிறு பெட்டியை அமைத்தார்கள். அதன் உணர்திறன் 83 அளவுதான். ஆனாலும் மனிதக் குரலை இயற்கையாகக் கொடுப்பதில் இன்றைக்கும் ரஸிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஒன்றுக்குக் கொறித்தால் போதும். மற்றொன்றுக்குப் பந்தி வைக்க வேண்டும். அவ்வளவே.

இப்போது கூடத்தைப் பார்ப்போம். தம்பி வீட்டுக் கூடம் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. அம்மாவின் நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி ஒரு காகிதத்தில் தம்பி பெண்ணே போட்டாள். ஒரு வாட்டுக்கு 84. எட்டடி தூரத்தில் சுமார் 8 குறையும். ஸ்பீக்கர் இரண்டாதலால் 3 கூடும். ஆக 79. வீட்டில் சுகமாகக் கேட்கும் சத்தம் 70, 75 டெசிபெல். அதற்கு முழுசாக ஒரு வாட்கூட வேண்டாம்!

"அப்படியானால் ஆயிரம் வாட் எதற்கு அத்தை?" என்றாள்.

அதற்கும் வழி சொல்ல வேண்டும். சங்கீதம் ஒரே மட்டத்தில் போவதில்லை. நாகஸ்வரம் குழைந்து போய்க்கொண்டிருக்கும்போதே தவில்காரர் ஓர் அடி கொடுப்பார். அந்தக் கணத்துக்கு மட்டும் சத்தம் 15 டெசிபெல் எகிறும். 75 என்பது 90 ஆகும். 79-லிருந்து 90-க்கு 11 டெசிபெல். கணக்குப் போட்டால் சுமார் 13 வாட். கைக்காவலாக இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 40 வாட். இந்த வீட்டுக்கு, இந்த ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

இப்போதுதான் வாட் என்ற கேள்விக்கு வருகிறோம். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாம்தான் முதலில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அட்டைப்பெட்டியில் இருந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று நாலெழுத்து இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் எங்கேயோ தாவிய உச்சத்தை எல்லாம் கூட்டிப் போடுகிற கணக்கு அது. இப்படித்தான் அளக்க வேண்டுமென்று அதற்கு ஒரு பொது விதி கிடையாது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, நிலையாகக் கொடுக்கும் சக்தியைச் சொல்லும் 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண். அமெரிக்காவில் இந்த வாட் விளையாட்டு அளவு மீறிப் போய், 1974-ல் அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷனே ஒரு விதி போட்டு, ஆம்ப்ளிஃபயரின் சக்தியை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டுமென்று கட்டுப்படுத்திற்று. 2024-ல் அந்த விதியைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். பொய் ஐம்பது வருஷமாகத் தேசம் தேசமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம்!

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு சுலப உபாயம் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் பின்னால், சுவர் மின்சாரத்திலிருந்து எத்தனை வாட் எடுத்துக்கொள்ளும் என்று போட்டிருப்பார்கள். தம்பி வீட்டுப் பெட்டியில் 60 வாட் என்று இருந்தது. அறுபது படி நெல்லைக் குத்தி ஆயிரம் படி அரிசி எடுத்த மகராசி யாராவது உண்டா?

நேர்மையான சின்ன எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1978-ல் 'நாட் 3020' என்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. போட்டிருந்தது வெறும் 20 வாட். ஆனால் பசி மிகுந்த, தடை குறைந்த ஸ்பீக்கர்களையும் தளராமல் ஓட்டியது. விலையும் கையைக் கடிக்கவில்லை. உலகமெங்கும் சாதாரணக் குடும்பங்கள் அதை வாங்கின.

அதற்காக 'எவ்வளவு சிறிதானாலும் சரி' என்றும் போய்விடக் கூடாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் சக்திக்கு மேல் சத்தம் கேட்டால், ஒலி அலையின் உச்சியை அதனால் கொடுக்க முடியாது. படியில் அரிசியைக் குவித்துவிட்டுக் கையால் தலை தட்டுவோமே, அந்த மாதிரி அலையின் தலை தட்டுப்பட்டுவிடும். தலை தட்டிய அலை காதுக்குக் கரகரக்கும், சொல் மழுங்கும். அது மட்டுமல்ல, அப்படித் தட்டுப்படும்போது வேண்டாத உச்ச ஸ்தாயி ஒலிகள் புதிதாகக் கிளம்பி, உயர்ந்த ஸ்வரங்களுக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் மயிரிழைக் கம்பியைச் சுட்டுப் பொசுக்கும். பெரிய ஆம்ப்ளிஃபயரை நிதானமாக வைத்துக் கேட்டு ஸ்பீக்கர் கெடுவதை விட, சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிக் கேட்டுக் கெடுவதே அதிகம். அம்மாவுக்குச் சொல் கேட்காமல் போனதன் ரகசியம் இதில் பாதி. வயதானவர்களுக்கு உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் மங்கும். 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய எழுத்தொலிகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் கரகரப்பு மூடிவிட்டால், சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சொல் இன்னும் தொலைந்து போகும்.

அன்று சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதித் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். 'ஸ்பீக்கர் 4 ஓம். உணர்திறன் 84. கூடம் 12-க்கு 10. வேண்டியது: 4 ஓமில், இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போது, நிலையாக 40 வாட்.'

"நானா போக வேண்டும் அண்ணி? அவர் போகட்டுமே" என்றாள்.

"அவன் போனால் விளக்கெரிகிற பெட்டியைப் பார்த்து மயங்கிவிடுவான். நீ போ" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சென்னைக்குப் போய்வந்தாள். கடையில் நடந்ததை அவள் நடித்துக் காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

"எத்தனை வாட் பார்க்கிறீங்க மேடம்?"

"எட்டு ஓமில் எத்தனை, நாலு ஓமில் எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்."

கடைப் பையன் உள்ளே போனான். முதலாளி வெளியே வந்தார்.

"ரெண்டு சானலும் ஓடும்போது சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஓடுகிற கணக்கு வேண்டாம்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினாராம்!

கடைசியில் வந்து சேர்ந்தது, சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். 'டி' வகுப்பு என்று சொல்லும் இந்தக் காலத்து அமைப்பு. அதிகம் சூடாகாது, மின்சாரமும் வீணாக்காது. விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் நாற்பதாயிரத்திலிருந்து போகவில்லை. பழைய பெட்டியை, எட்டு ஓம் ஸ்பீக்கர் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அங்கே அது இன்றுவரை ஒரு 'க்ளிக்' கூடச் சொல்லாமல் அடக்கமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பையன் பேரிலும் குற்றமில்லை; பெண் பேரிலும் குற்றமில்லை. ஜாதகம்தான் பொருந்தவில்லை!

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டொன்று. சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போய்விடும். கம்பி, தடிமனாகவும் தேவைக்கு மேல் நீளாமலும் இருக்கட்டும். முக்கியமாக ஒன்று. தூசி படாமலிருக்கட்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் மேல் குரோஷா பின்னிய துணியை அழகாகப் போர்த்துகிறோமே, அதை எடுத்துவிடுங்கள். ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்துவதும் வேண்டாம். அதற்கும் மூச்சு விட வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஒன்று மிச்சமிருந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் தம்பி சத்தத்தைக் கூட்டினான். "கம்மியாகக் கேட்கிறது அக்கா. இன்னும் கொஞ்சம் பெரிசு வாங்கியிருக்கலாமோ?" என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே அளவில் வைத்தால், "ஐயோ, காது கிழிகிறது, குறை!" என்று அவனே சொன்னான்.

பொருத்தம் தவறியது ஆம்ப்ளிஃபயரில் அல்ல, காதில்!

எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் காது தற்காலிகமாக மந்தமாகிவிடுகிறது. ஒரு ராத்திரி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளியும். நாள் தவறாமல் இப்படியே நடந்தால், ஒரு நாள் தெளியாமலே நின்றுவிடும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்வு மயிர்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி. 91 என்றால் இரண்டே மணி. பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபெலுக்குள்.

"காதடைப்பான் கொடுக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"கொடுத்திருக்கிறார்கள்" என்றான்.

"கொடுத்ததைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போகிறார், அண்ணி" என்றாள் அவன் மனைவி.

நாற்பது வாட்டா, ஐம்பது வாட்டா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்திருக்கிறான்! அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். வேலையில் காதடைப்பான் காதிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து முதல் ஒரு மணி நேரம் பாட்டுக் கிடையாது. அதன் பிறகும் சத்தத்தின் அளவை அம்மாவின் நாற்காலிதான் முடிவு செய்யும். அவன் கை அல்ல. போனில் டெசிபெல் காட்டும் ஒரு செயலியை இறக்கி, அந்த நாற்காலியில் வைத்து, தம்பி பெண் ஆம்ப்ளிஃபயரின் குமிழில் சிறு பொட்டு ஒன்று ஒட்டிவிட்டாள். பொட்டைத் தாண்டக் கூடாது!

சென்ற மாதம் போயிருந்தேன். பெண் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் பொட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து, உதட்டை அசைத்துச் சொல்லுக்குச் சொல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அந்தச் சீட்டை எங்கே?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

"தெருவில் மூன்று வீடு போய்விட்டது அண்ணி. இப்போது நாலாவது வீட்டில் இருக்கிறது. அவர்கள் ஸ்பீக்கர் ஆறு ஓமாம், அதை மட்டும் அடித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள்.